ஜான் வெஸ்லியின் வாழ்வில் நீதிமானாக்கப்படுதலும் பரிசுத்தமாக்கப்படுதலும்

முன்னுரை

நீதிமானாக்கப்படுதல், பரிசுத்தமாக்கப்படுதல் என்னும் தமிழ் விவிலியச் சொற்கள் இரண்டும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. இரண்டிலும் ஆக்கு என்னும் வினையடி செயப்பாட்டு வடிவில் நிற்கிறது. ஆதலின் தமிழில் படிப்பவர்க்கு இரண்டுமே மனிதனுக்குள் நிகழும் மாற்றத்தைச் சுட்டுவனவாகத் தோன்றும். முதற்சொல்லின் கிரேக்க மூலமோ வழக்கு மன்றத்தில் ஒருவரைக் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தலைக் குறிப்பது. அதனை இலத்தீனில் பெயர்த்தோர் கையாண்ட சொல், தமிழைப் போலவே, நீதியுள்ளவராக ஆக்குதல் என்னும் பொருளைத் தந்தது. மேலைக் கிறித்தவத்தின் பெரும்பிளவில் இச்சொல்லுக்கும் பங்குண்டு. லூதர் வழிவந்தோர் தீர்ப்பு என்னும் பொருளை முதன்மைப்படுத்தினர். 1547இல் திரெந்துப் பொதுச்சங்கம், பாவமன்னிப்போடு உள்ளத்தின் புதுப்பிப்பும் தூய்மையும் அச்சொல்லில் அடங்கும் என வரையறுத்தது. கால்வினோ இரண்டையும் வேறுபடுத்தியும் பிரிக்காமலும், கிறித்துவோடு இணைவோர் ஒருங்கே பெறும் இரட்டைக் கிருபை என்றார். 1995ஆம் ஆண்டின் பொதுமொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம், கடவுளுக்கு ஏற்புடையவராதல் என்னும் தொடரைத் தேர்ந்து, தீர்ப்பா மாற்றமா என்ற வழக்கிலிருந்து விலகி உறவின் மொழியை நாடியது.

இச்சொற்களின் பின்னுள்ள வினா எளியது. இறைவன் மன்னித்து ஏற்றுக்கொள்வதும், மனிதன் தூயவனாக வாழத் தொடங்குவதும் ஒன்றா, இரண்டா? இரண்டு எனில் எது முந்தியது? முந்தியதே போதுமெனில் பிந்தியது எதற்கு? ஏட்டளவில் நின்ற இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்தவர் ஆங்கிலேய இறையியலாளர் ஜான் வெஸ்லி (1703–1791). அவர் தோற்றுவித்த மெதடிஸ்டு இயக்கத்தின் ஊழியர்கள் 1814இல் யாழ்ப்பாணம் வந்தனர். ஆறுமுக நாவலர் பயின்றதும் பணியாற்றியதும் அவர்களுடைய பள்ளியிலேயே. பீட்டர் பெர்சிவலுடன் அவர் விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்டதும் அச்சூழலிலேயே. ஆதலின் வெஸ்லியின் வாழ்வு தமிழியலுக்கு முற்றிலும் அயலானதன்று.

எப்வொர்த் இல்லம்

லிங்கன்சயர் பகுதியின் எப்வொர்த் என்னும் சிற்றூரில், ஆங்கிலத் திருச்சபைக் குருவான சாமுவேல் வெஸ்லிக்கும் சூசன்னாவுக்கும் 1703 ஜூன் 17 அன்று ஜான் பிறந்தார். சூசன்னா ஈன்ற மக்கள் பத்தொன்பதின்மர். அவர்களுள் பலர் குழந்தைப் பருவத்திலேயே மாண்டனர். 1709 பிப்ரவரியில் குருமனை தீப்பற்றியபோது ஐந்து வயதுச் சிறுவன் மாடிச் சன்னல் வழியே கடைசியாக மீட்கப்பட்டான். ஒரு நோக்கத்திற்காகக் காக்கப்பட்ட பிள்ளை என்னும் எண்ணம் தாயின் மனத்தில் பதிந்தது.

1711–12 குளிர்காலத்தில் சாமுவேல் இலண்டனில் தங்கியிருந்தார். அப்போது தந்தையின் நூலறையிலிருந்து மகள் ஒருத்தி ஒரு சிறுநூலை எடுத்துத் தாயிடம் கொடுத்தாள். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் புளுட்சோவும் எழுதிய மடல்களின் ஆங்கில ஆக்கம் அது. அதைப் படித்த சூசன்னாவின் உள்ளம் பல நாள் அதிலேயே தோய்ந்திருந்தது. ஆணாகவும் குருவாகவும் இல்லாத தாமும் தம் எல்லைக்குள் இன்னும் செய்யலாம் என்று துணிந்தார். ஒவ்வொரு பிள்ளையோடும் வாரத்தில் ஒரு மாலை தனித்து உரையாடும் வழக்கத்தைத் தொடங்கினார். ஜானுக்கு உரியது வியாழன். ஞாயிறு மாலைகளில் வீட்டாருக்கென அவர் நடத்திய வழிபாட்டிற்கு அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கி, எண்ணிக்கை இருநூறை எட்டியது. துணைக்குரு முறையிட்டும் அவர் கைவிடவில்லை. சோழமண்டலக் கரையில் எழுதப்பட்ட மடல்கள், பின்னாளில் ஆன்மாவை வாரந்தோறும் விசாரிக்கும் முறையை இயக்கமாக்கிய ஒருவரின் இளமையைத் தொட்டமை கிறித்தவத் தமிழ் வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத செய்தி.

தூய்மையைத் தேடிய ஆண்டுகள்

வெஸ்லி 1720இல் ஆக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் சேர்ந்தார், 1725இல் உதவிகுருவானார், 1726இல் லிங்கன் கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார். குருப்பட்டத்திற்கு முந்தைய மாதங்களில் ஜெரமி டெய்லரின் தூய வாழ்வு பற்றிய நூலையும், தாமஸ் ஆ கெம்பிஸின் கிறித்துவைப் பின்பற்றுதல் பற்றிய நூலையும் படித்தார். சில ஆண்டுகளில் வில்லியம் லாவின் நூல்களும் சேர்ந்தன. பாதிக் கிறித்தவனாக வாழ இயலாது. எண்ணம், சொல், செயல் அனைத்தும் இறைவனுக்கு உரியன ஆகவேண்டும் என்னும் உறுதி அவருள் வேர்கொண்டது.

1729 முதல் அவர் தலைமையில் இயங்கிய மாணவர் குழுவைப் பிறர் புனிதச் சங்கம் எனவும் மெதடிஸ்டுகள் எனவும் எள்ளினர். அவர்கள் புதன், வெள்ளி நாள்களில் நோன்பிருந்தனர்; சிறையிலிருந்தோரைச் சென்று கண்டனர். ஆண்டு வருவாய் முப்பது பவுனாக இருந்தபோது வெஸ்லி இருபத்தெட்டில் வாழ்ந்து இரண்டைக் கொடுத்தார்; வருவாய் அறுபதாகவும் தொண்ணூறாகவும் பெருகியபோதும் இருபத்தெட்டிலேயே வாழ்ந்தார். 1733 புத்தாண்டு நாளில் பல்கலைக்கழகப் பேராலயத்தில் இதயத்தின் விருத்தசேதனம் பற்றி அவர் ஆற்றிய உரையில் இறையன்பே தூய்மையின் உள்ளீடு என்னும் கருத்து முழுமையாக உள்ளது. 1748இல் அவ்வுரையைத் தம் அருளுரைத் தொகுதியில் அவரே சேர்த்தார். 1738ஆம் ஆண்டின் மனமாற்றத்திலிருந்தே வெஸ்லியின் கதையைத் தொடங்கும் வரலாறுகள் இவ்வுண்மையைக் கடந்துவிடுகின்றன. தூய வாழ்வு பற்றிய அவர் கொள்கை, நீதிமானாக்கப்படுதல் பற்றிய தெளிவுக்கு ஐந்தாண்டுகள் முன்னரே உருப்பெற்றுவிட்டது. வீட்டின் உள்ளறையை நன்கறிந்தவர் வாயிலைக் காணாது நின்ற நிலை அது.

1735 அக்டோபரில் அவர் ஜார்ஜியக் குடியேற்றத்திற்குப் புறப்பட்டார். 1736 ஜனவரி 25 அன்று புயலில் கப்பலின் பெரும்பாய் கிழிந்து கடல்நீர் தளங்களுக்கிடையே பாய்ந்தது. ஆங்கிலேயர் அலறினர், உடன்வந்த மொராவியச் செருமானியர் பெண்டிர் பிள்ளைகளோடு திருப்பாடலை நிறுத்தாது பாடினர். சாவுக்குத் தாம் அஞ்சியதை வெஸ்லி நாட்குறிப்பில் மறைக்கவில்லை. ஜார்ஜியாவில் கீழைத் திருச்சபையின் துறவுமரபைச் சார்ந்த மக்காரியுசின் உரைகளைப் படித்து மகிழ்ந்தார். மனித இயல்பு இறையியல்பில் பங்குபெற்று நிறைவை நோக்கி வளரும் என்னும் கீழைக் கருத்து அவர் சிந்தனையில் தங்கிவிட்டது. நடைமுறையிலோ அப்பணி தோல்வியில் முடிந்தது. தாம் விரும்பிய சோபியா ஹாப்கி என்னும் பெண் வேறொருவரை மணந்தபின் அவருக்குத் திருவிருந்தை மறுத்தார், வழக்கு மூண்டது, 1737 டிசம்பரில் ஊரைவிட்டு வெளியேறினார். அம்மறுப்பு திருச்சபை ஒழுங்கின்பாற்பட்டதே என்று அவர் வாதிட்டார். காயம்பட்ட மனம் அவ்வொழுங்கைக் கருவியாக்கிக்கொண்டது என்று கருதவே நிகழ்ச்சிகள் இடந்தருகின்றன.

1738ஆம் ஆண்டும் அதன் எல்லையும்

இங்கிலாந்து திரும்பிய வெஸ்லியிடம் பீட்டர் போலர் என்னும் இளம் மொராவியர், மீட்பளிக்கும் விசுவாசம் உழைப்பின் விளைவன்று, நொடியில் அருளப்படும் கொடை என்று வாதிட்டார். விசுவாசம் இல்லாத தாம் அருளுரையை நிறுத்திவிடலாமா என வெஸ்லி கேட்டபோது, அதைப் பெறும்வரை அதைப் பற்றியே பேசும்படியும், பெற்றபின் பெற்றமையால் பேசும்படியும் போலர் அறிவுறுத்தினார். 1738 மே 24 மாலை இலண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறுகூட்டத்தில், உரோமர் மடலுக்கு லூதர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால்மணி முன்பாக வெஸ்லியின் நெஞ்சில் ஓர் இதமான வெம்மை படர்ந்தது. தம் பாவங்களும் நீக்கப்பட்டன என்னும் உறுதி பிறந்தது. பதின்மூன்று ஆண்டு முயற்சியில் அவர் தலைகீழாக வைத்திருந்த வரிசை அன்று நேரானது. தூயவனாகி ஏற்பைப் பெறுவதன்று. ஏற்கப்பட்டதனால் தூய்மை தொடங்குவது.

ஆயினும் ஏழு மாதங்கள் கழித்து, 1739 ஜனவரியில், தாம் இப்போதும் கிறித்தவன் அல்லன் என்று அவரே நாட்குறிப்பில் எழுதினார். தூய ஆவியின் கனிகளாகிய அன்பும் மகிழ்வும் தம்மிடம் இல்லை என்பது காரணம். இப்பதிவு பலருக்கு இடர் தருவது. அவர் கொள்கையின் திறவுகோல் இதில் உள்ளது என்பதே பொருத்தம். மன்னிப்பின் உறுதியைப் பெற்றபின்னும் உள்ளத்தின் உண்மையான மாற்றத்தை அவர் அளவுகோலாக விடாது வைத்திருந்தார். இடையில், 1738 கோடையில், செருமனி சென்று ஹெர்ன்ஹூட்டில் மொராவியரோடு தங்கினார். சீகன்பால்கு பயின்ற, தமிழ் அச்சுக்கு எழுத்துருக்கள் அனுப்பிய ஹாலே நகரின் அனாதை இல்லத்தையும் கண்டார். மன்னிப்பைப் பெற்றும் முழு உறுதி பெறாதோர் உண்டு, விசுவாசத்திலும் படிகள் உண்டு என்னும் சாட்சியங்களை ஹெர்ன்ஹூட்டில் கேட்டது அவருக்குப் பெரும் ஆறுதல்.

இரு முனைப் போராட்டம்

1739 ஏப்ரல் 2 அன்று பிரிஸ்டலில் திறந்தவெளியில் பேசத் தொடங்கியபின் வெஸ்லியின் வாழ்வு குதிரைமேல் கழிந்தது. கிங்ஸ்வுட்டின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் திரளாகக் கேட்டனர். அதே வேளையில் இலண்டன் ஃபெட்டர் சந்தில் அவர் கூடிவந்த குழுவில் வேறொரு போக்குத் தலையெடுத்தது. முழு விசுவாசம் வரும்வரை திருவிருந்து, வேண்டுதல், மறைநூல் வாசிப்பு எதுவும் வேண்டா. அசைவற்றுக் காத்திருத்தலே கடன் என்று மொராவியரான மோல்தர் கற்பித்தார். 1740 ஜூலை 20 அன்று வெஸ்லி ஒரு தாளைப் படித்துவிட்டு வெளியேறினார். பதினெட்டோ பத்தொன்பதோ பேர் பின்தொடர்ந்தனர்.

1741 செப்டம்பர் 3 அன்று இலண்டன் கிரேஸ் இன் தோட்டத்தில் மொராவியத் தலைவர் சின்சென்டோர்ஃப் பெருமகனுடன் அவர் நடந்துகொண்டே இலத்தீனில் உரையாடினார். இரு மரபுகளின் வேறுபாடு இவ்வளவு நறுக்காக வெளிப்பட்ட இடங்கள் குறைவு. விசுவாசி நீதிமானாக்கப்படும் நொடியிலேயே முற்றிலும் பரிசுத்தனாகிறான். அப்பரிசுத்தம் கிறித்துவினுடையது, அவனுடையதன்று. இறக்கும் நாள்வரை அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்பது பெருமகன் நிலை. அன்பில் வளர்பவன் தூய்மையிலும் வளர்கிறான் அல்லனோ என்பது வெஸ்லியின் மறுவினா. பச்சிளங் குழந்தையும் வளர்ந்தவனும் ஒரே அளவு தூயவர் என்பதை அவரால் ஏற்க இயலவில்லை. அதே ஆண்டு ஜூனில், கலாத்தியர் மடலுக்கு லூதர் எழுதிய விரிவுரையைப் படித்து, சட்டத்தையும் நற்செயலையும் அவர் இகழ்வதாகக் கருதி மனம் கசந்தார். ஆல்டர்ஸ்கேட்டுக்கும் இக்கசப்புக்கும் இடைப்பட்டது மூன்றே ஆண்டு. நற்செயலைப் பற்றி லூதர் எழுதிய பிற நூல்களை வெஸ்லி நிறுக்கவில்லை என்பதும் சொல்லத்தக்கது.

தொடர்ந்து வந்த அருளுரைகளில் அவர் தம் வரையறையைச் செப்பனிட்டார். நீதிமானாக்கப்படுதல் மன்னிப்பே, அது மனிதன் இறைவனோடு கொண்ட உறவில் நேரும் மாற்றம். புதுப்பிறப்பு அவன் உள்ளத்தில் நேரும் மாற்றம். காலத்தால் இரண்டும் ஒன்று, கருத்தால் வேறு. அப்புதுப்பிறப்பே பரிசுத்தமாக்கப்படுதலின் வாயில். அதன்பின் வளர்ச்சி படிப்படியாக நிகழும். மனந்திரும்புதலை முன்றிலுக்கும், விசுவாசத்தை வாயிலுக்கும், தூய வாழ்வை வீட்டிற்கும் ஒப்பிட்டு அவர் விளக்கியது 1746இல். தீர்ப்பு என்னும் புராட்டஸ்டன்ட் பொருளை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. திரெந்து வலியுறுத்திய உள்மாற்றத்தையும் கைவிடவில்லை. ஆனால் இரண்டையும் ஒரு சொல்லில் அடைக்க மறுத்தார். அடைத்தால், தன் உள்ளத்தை உற்றுநோக்கும் எளியவன் தான் மன்னிக்கப்பட்டேனா என்று நாள்தோறும் ஐயுறுவான். ஆக்ஸ்போர்டின் அனுபவம் அவருக்கு அதைக் கற்பித்திருந்தது.

இக்கொள்கைக்கு உடல் கொடுத்தவை அவர் அமைத்த வகுப்புகள். 1742 பிப்ரவரியில் பிரிஸ்டல் கூடத்தின் கடனைத் தீர்க்க, பன்னிருவருக்கு ஒரு தலைவர் வாரம் ஒரு பென்னி திரட்டலாம் என ஒருவர் யோசனை கூறினார். வீடுவீடாகச் சென்ற தலைவர்கள் பணத்தோடு மக்களின் நிலையையும் அறிந்துவந்தனர்: ஒருவர் மனைவியோடு சண்டையிடுகிறார், ஒருவர் குடிக்கிறார். கடன்திரட்டும் முறை ஆன்ம விசாரணை முறையாயிற்று. 1743இன் பொதுவிதிகள் தீமை செய்யாமை, நன்மை செய்தல், இறைவழிபாட்டு நெறிகளைப் பேணல் என மூன்றே தலைப்பில் அமைந்தன. சேர்வதற்குக் கொள்கைத் தேர்வு இல்லை; மீட்பை நாடும் விருப்பம் போதும். தொடர்ந்திருக்க ஒழுக்கம் வேண்டும். நீதிமானாக்கப்படுதலுக்கு நிபந்தனை வைக்காமையும் பரிசுத்தமாக்கப்படுதலுக்கு ஒழுங்கு வகுத்தமையும் இவ்விதிகளின் அமைப்பிலேயே தெரிகின்றன.

நிறைவு பற்றிய வழக்கு

வெஸ்லியின் போதனையில் மிகவும் தாக்கப்பட்டது கிறித்தவ நிறைவு. இறைவனையும் அயலானையும் முழு உள்ளத்தோடு நேசித்தலும், அறிந்து செய்யும் பாவத்திலிருந்து விடுபடலும் இம்மையிலேயே கூடும் என்றார். அறியாமையும் பிழையும் நீங்கா என்றும் உடன் சேர்த்தார். இந்நுட்பத்தைப் பின்பற்றியோர் அனைவரும் பேணவில்லை. ஜார்ஜ் பெல் என்னும் முன்னாள் படைவீரர், நிறைவு பெற்றவராகத் தம்மை அறிவித்துக்கொண்டு, 1763 பிப்ரவரி 28 அன்று உலகம் முடியும் என்று முழங்கினார். இலண்டன் நகரில் அச்சம் பரவியது. வெஸ்லி அன்று மாலை அக்கூற்றின் மடமையை விளக்கிப் பேசிவிட்டு, வழக்கம்போல் பத்து மணிக்குள் உறங்கிவிட்டார். எனினும் பெல்லைக் கண்டிக்க அவர் காலந்தாழ்த்தினார் என்னும் குறையைத் தள்ளிவிட இயலாது. நெடுநாள் துணைவரான மேக்ஸ்ஃபீல்டும் அவ்வாண்டில் பிரிந்து சென்றார்.

1766இல் கிறித்தவ நிறைவு பற்றிய எளிய விளக்கம் வெளிவந்தது. தம் கொள்கை 1725 முதல் மாறவில்லை என்று அதில் நிறுவ முயன்றார். அதே ஆண்டு ஜூனில் தம்பி சார்லசுக்கு எழுதிய தனிமடலில் வேறொரு குரல் ஒலிக்கிறது. தாம் இறைவனை நேசிக்கவில்லை, ஒருபோதும் நேசித்ததில்லை, கிறித்தவப் பொருளில் விசுவாசித்ததும் இல்லை என்று அறுபத்து மூன்று வயதில் எழுதினார். சில பகுதிகள் சுருக்கெழுத்தில் மறைக்கப்பட்டிருந்தன. ஆனாலும் தாம் போதிப்பதைக் கைவிட இயலாது, ஏதோ ஓர் ஆற்றல் தம்மைச் செலுத்துகிறது என்றும் அதில் உள்ளது. அடுத்த ஆண்டு ஓர் இதழுக்கு எழுதிய மடலில், தாம் தீட்டும் நிறைவின் நிலையைத் தாம் எய்தவில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தார். இதனைப் போலிமை என்பது பொருந்தாது. தூய்மையின் அளவுகோலைத் தம் அனுபவத்திற்கேற்பத் தாழ்த்தாதவர் அவர். அதற்கான விலையைத் தம் உள்ளத்திலேயே செலுத்தினார். மனைவி மேரியுடனான வாழ்வும் கசப்பிலேயே முடிந்தது. 1781இல் அவர் இறந்து அடக்கம் செய்யப்பட்ட செய்தி அதன் பின்னரே வெஸ்லிக்கு எட்டியது.

1770ஆம் ஆண்டின் பிளவு

இறைவன் சிலரையே தெரிந்துகொண்டார் என்னும் கால்வினியக் கருத்தால் ஜார்ஜ் விட்ஃபீல்டுக்கும் அவருக்கும் 1740 முதலே வேற்றுமை இருந்தது, அன்பு முறியவில்லை. 1770ஆம் ஆண்டு மாநாட்டுக் குறிப்புகள் அடங்கிய நெருப்பை ஊதின. மீட்புக்கு நற்செயல் ஈட்டுத்தகுதியன்று, ஆயினும் நிபந்தனை என்னும் பொருள்பட அவை அமைந்தன. வெஸ்லி உரோமையின் பக்கம் சாய்ந்துவிட்டார் என ஹண்டிங்டன் சீமாட்டியாரின் அணியினர் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் விட்ஃபீல்டு காலமானார். நினைவுரை ஆற்றியவர் வெஸ்லி. 1771 பிரிஸ்டல் மாநாட்டில், மீட்பை ஈட்டுவதில் செயலுக்குப் பங்கில்லை என்னும் அறிக்கையில் வெஸ்லியும் 53 போதகரும் ஒப்பமிட்டனர். வழக்கு ஓயவில்லை. டாப்லேடி வசைமொழியில் தாக்கினார். சுவிஸ் நாட்டவரான ஜான் ஃபிளெச்சர் பண்பட்ட நடையில் வெஸ்லிக்காக எழுதினார். கால்வினியர் அஞ்சியது செயல்வழி மீட்பை. வெஸ்லி அஞ்சியது, கிறித்துவின் நீதியைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு பாவத்தில் துயிலும் விசுவாசியை. இரண்டு அச்சங்களும் நியாயமானவையே.

இறுதி ஆண்டுகள்

முதுமையில் அவர் தீர்ப்புகள் கனிந்தன. நாட்குறிப்பின் மறுபதிப்பில், 1738க்கு முன் தாம் விசுவாசமற்றிருந்ததாக எழுதிய இடங்களுக்கு அடிக்குறிப்பிட்டு, மகனுக்குரிய விசுவாசம் இல்லையெனினும் ஊழியனுக்குரிய விசுவாசம் அப்போதும் இருந்தது என்று திருத்தினார். 1787ஆம் ஆண்டின் ஓர் உரையில், நீதிமானாக்கப்படுதலை லூதரைப்போல் விளக்கியவர் இல்லை, பரிசுத்தமாக்கப்படுதலை அவர் அறியார். உரோமைத் துறவியர் பரிசுத்தத்தை ஆழ்ந்தறிந்தனர், நீதிமானாக்கப்படுதலை அறியார். இரண்டையும் சமன் செய்து பெற்றோர் மெதடிஸ்டுகளே என்றார். முதற்பகுதி லூதருக்கு நீதி செய்யவில்லை. எனினும் தம் பணியை அவர் எவ்வாறு கண்டார் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று இல்லை. 1790இல், திருமண ஆடை பற்றிய உரையில், விண்ணுலகுக்கு உரிமை தருவது கிறித்துவின் நீதி, தகுதி தருவது தூய வாழ்வு என வகுத்தார்.

அவரை வருத்தியது வேறொன்று. தூய வாழ்வு உழைப்பையும் சிக்கனத்தையும் வளர்க்கிறது; அவை செல்வத்தைக் கொணர்கின்றன; செல்வம் தூய வாழ்வை அழிக்கிறது. இயன்றதெல்லாம் ஈட்டிச் சேமிப்போர் இயன்றதெல்லாம் கொடுக்கவும் வேண்டும் என்பது தவிர அவரிடம் வேறு மருந்து இல்லை. தம் மக்கள் முதலிரண்டைக் கேட்டு மூன்றாவதை மறந்தனர் என்று கடைசிவரை கடிந்துகொண்டார். 1774இல் அடிமை வணிகத்தைக் கண்டித்து நூல் எழுதியவர், இறப்பதற்கு ஆறு நாள் முன், 1791 பிப்ரவரி 24 அன்று, அவ்வணிகத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்பர்ஃபோர்சுக்கு ஊக்கமூட்டி மடல் வரைந்தார்.

1791 மார்ச் 2 அன்று, 87ஆம் வயதில், இலண்டன் சிட்டி சாலையிலிருந்த தம் இல்லத்தில் வெஸ்லி மறைந்தார். பிணவண்டியோ ஆடம்பரமோ வேண்டா, தம் உடலை ஏழைகள் அறுவர் சுமக்க வேண்டும், அவர்களுக்கு ஆளுக்கு இருபது சில்லிங் தரவேண்டும் என்று விருப்ப ஆவணத்தில் எழுதிவைத்திருந்தார். அவ்வாறே செய்யப்பட்டது.